வெளுத்த கற்கள்

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன மீன் டாக்டர் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். டாக்டர் பட்டம் அவர் படித்து வாங்கியதில்லை. வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தார். யார் வீட்டில் மீன் செத்தாலும் பெட்டி நிறையக் குப்பிகளோடு கிளம்பிவிடுவார். தெருவே சேர்ந்து கொடுத்த பட்டம் அது. அன்றைக்கு அவர் ஸ்கூட்டரின் முன்னால் மூடி போட்ட வாளி ஒன்றும் இருந்தது.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். ஐந்து மாதக் குழந்தை. முறையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் வீட்டில் மொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். மொட்டு மீன் டாக்டரின் மீசையைப் பார்த்துச் சிரித்தது.

"இவங்களாவது சிரிக்கிறாங்க. மீனெல்லாம் என்னம்மா சொல்லுது?"

"இன்னிக்குக் காலையில மூணு போச்சு. போன வாரம் ஏழு," என்றாள்.

அவள் கணவன் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பின்னறையில் காத்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஏறி இறங்குகிற எதைக் கண்டாலும் அவனுக்குக் கை சும்மா இருக்காது. அப்படித்தான் அந்த அறையில் இதை அமைத்தான். கீழே வயிறளவு உயரத்தில் நீலத் தொட்டி, அதில் திலேப்பியா மீன்கள். மேலே இரும்புத் தாங்கியில் இன்னொரு நீளத் தொட்டி, அதில் முழங்கை ஆழத்துக்குச் சரளைக்கல். கல்லுக்குள் வேர்விட்டுத் தக்காளியும் கீரையும் புதினாவும். மோட்டார் மீன் தண்ணீரைக் கல்லுக்கு ஏற்றும். கல்தொட்டி நிரம்பியதும் குழாய் வழியாகக் களக்கென்று ஒரே மூச்சில் கீழே இறங்கும். மீனின் கழிவு செடிக்கு உரம், செடி தெளியவைத்த தண்ணீர் மீனுக்கு. ஏழு மாதமாகியிருந்தது. முதல் ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை.

மீன் டாக்டர் குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நல்ல தொட்டின்னா மழை பெஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசனை வரும். இங்க ஒண்ணுமே வரலையே."

சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சோதனை மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக நிற்கவேண்டிய தண்ணீர் பச்சையாகி, பிறகு கரும்பச்சையானது. தொட்டிக்குள் மிச்சமிருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றின் செவுள் ஓரம் சிவந்து கிடந்தது.

"அம்மோனியா. பாவம், தன் கழிவுலயே மூச்சு முட்டிச் சாகுதுங்க. புதுத் தொட்டியில இது சகஜம். ஏழு மாசத் தொட்டியில வரக்கூடாது."

சட்டைக் கையை மடித்து, சரளைக்குள் கையை விட்டார். மேலாக ஒரு பிடி எடுத்தார். பிறகு முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி. இரண்டையும் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். எல்லாக் கல்லும் வெள்ளை வெளேரென்று, இப்போதுதான் மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல் இருந்தது.

"கல்லை யார் கழுவுனது?"

மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"கல்லு மேல பழுப்பா, வழவழன்னு ஒண்ணு படியணும்மா. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா அதுலதான் உசிரு. அந்தக் கிருமிதான் அம்மோனியாவைத் தின்னு உரமாக்குது. சுத்தம் சோறு போடும்பாங்க. இங்க சுத்தம்தான் சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கு." சிரித்துக்கொண்டே ஒரு தக்காளிச் செடியை மெல்லத் தூக்கியவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். வேர்கள் வெள்ளைத் தலைமயிரைச் சீவிவிட்டதுபோல் ஒன்றோடொன்று சிக்காமல் தொங்கின. "வேரைக்கூட ஒவ்வொண்ணாத் துடைச்சிருக்கு. இவ்வளவு கல்லையும் கழுவ ரெண்டு ஆளுக்கு முழு நாள் ஆகும். செடியை அசைக்காம எப்படிம்மா கழுவுனீங்க?"

கேள்வி அவளிடம்தான் வந்தது, கணவனிடம் இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"நான் கழுவல."

"நானும் கழுவல," என்றான் கணவன்.

மீன் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி வழக்கில் தலையைக் கொடுத்துச் சூடுபட்ட அனுபவம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். வாளியைத் திறந்து, தன் கடைத் தொட்டியிலிருந்து கொண்டுவந்த பழுப்புக் கல்லைச் சரளையின் ஓரத்தில் கொட்டினார். "பாலுக்கு உறை ஊத்துற மாதிரி இது. இதை மட்டும் யாரும் தொடாதீங்க," என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது கணவனிடம் குரலைத் தாழ்த்தினார்.

"குழந்தை பெத்த உடம்பு. மனசும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். பாத்துக்குங்க தம்பி."

தாழ்த்திப் பேசுவதாக நினைக்கிறவர்களின் குரல் எப்போதும் அடுத்த அறைவரை கேட்கும். அவளுக்குக் கேட்டது.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் ஒருவருக்கு இன்னும் குப்புற விழ மட்டும்தான் தெரியும். மிச்சம் இருவர். அன்று முழுக்க ஒருவரை ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். நாள் தவறாமல் அந்தத் தொட்டியை நோண்டுகிறவர் இவர்தானே என்று அவள் நினைத்தாள். அவன் என்ன நினைத்தான் என்பதற்குச் சான்றுகள் வீடெங்கும் கிடந்தன. அவள் வீட்டிலிருந்தே தையல் தைப்பவள். மொட்டு பிறந்த பிறகு கத்தரிக்கோலை ஃப்ரிட்ஜில் வைத்தாள். பால் பவுடர் டப்பாவைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தேடினாள். ஒரு சட்டையின் கையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்து, அதையே பிரித்து மறுபடியும் அப்படியே தைத்தாள்.

இன்னொன்றையும் அவள் நினைத்தாள். ஆனால் சொல்லவில்லை.

அந்த வீடு அண்ணியுடையது. கணவனின் அக்கா, அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர். ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ். மொட்டு வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது இறந்துபோனார். அவள் கழுவிய காய்கறியை அண்ணி மறுபடி கழுவுவார். அவள் துடைத்த தரையை மறுபடி துடைப்பார். பின்னறைதான் அண்ணியின் துவைக்கும் அறை. பெரிய அண்டாவில் வெள்ளைத் துணிகளைக் கொதிக்கவைத்துக் குச்சியால் கிண்டிக்கொண்டு நிற்பார். அவர் போன மூன்றாம் மாதம் துவைக்கும் கல்லைப் பெயர்த்துவிட்டுத்தான் கணவன் தொட்டியை வைத்தான். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். அதனால் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு மொட்டு தூங்கியது. அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். குழந்தையின் வயிற்றின் மேல் ஒரு கை வைக்காமல் அவள் தூங்கியதே கிடையாது. அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவது கையில் தெரிந்தால்தான் அவளுக்குக் கண் மூடும்.

விழிப்பு வந்தபோது வெயில் சுவரில் இறங்கியிருந்தது. பின்னறையில் தண்ணீர் களக்கென்று இறங்கியது. அது பழகிய சத்தம். அதற்குப் பிறகு வந்தது பழகாத சத்தம்.

சரக். சரக். சரக்.

கல்லை உள்ளங்கையில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்க்கிற சத்தம். அவள் அசையாமல் படுத்து எண்ணினாள். பத்துத் தேய்ப்பு. ஒரு நிறுத்தம். தண்ணீர் ஊற்றும் ஓசை. மறுபடி பத்து. ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை.

கணவன் வேலைக்குப் போயிருந்தான். வாசல் கதவை அவளேதான் தாழிட்டாள்.

மொட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நடையில் கால் வைத்ததும் அந்த வாசனை வந்தது, கொதித்த துணியின் வாசனை. சோப்பு வாசனையும் இல்லை, மருந்து வாசனையும் இல்லை. ஆவியில் வெந்த பருத்தியின் வெறும் வாசனை. பின்னறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

சரக். சரக்.

அவள் கதவில் கை வைத்தாள்.

சத்தம் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடி இருந்தது. மீன் டாக்டர் நேற்று கொட்டிய பழுப்புக் கற்கள் ஓரத்தில் குவிந்திருந்தன. அவை பழுப்பாக இல்லை. வெள்ளையாகி, ஈரமாக, மெல்லிய ஆவி விட்டுக்கொண்டிருந்தன. நம்பாமல் ஒன்றைத் தொட்டாள்.

சுட்டது.

மொட்டு கல்லைப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில், நிற்கிற ஒரு ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், எதையோ பார்த்தது. பிறகு தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

அவள் எப்படி நடைக்கு வந்தாள், எப்படிக் கதவைச் சாத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. சாயங்காலம் கணவன் வரும்வரை வாசற்படியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவன் வந்து பார்த்தபோது கல் ஆறிப்போயிருந்தது. தொட்டியில் இன்னும் இரண்டு மீன் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. அவள் நடந்ததைச் சொன்னாள். சத்தம், எண்ணிக்கை, ஆவி, எல்லாம் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டான். பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"கையைக் காட்டு."

காட்டினாள். பகலெல்லாம் குழந்தைத் துணியும் பால் புட்டியும் கழுவிய கை. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. அவன் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பரிதாபப்பட்டான்; அதுதான் அவளைக் கொன்றது.

"தூக்கத்துல எந்திரிச்சுப் போறியோ என்னவோ..."

"மொட்டு மேல கை வச்சுட்டுத்தாங்க தூங்குறேன்!"

"சரி. கையை எடுத்தா அது உனக்கு எப்படித் தெரியும்?"

அன்று இரவு படுக்கையில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கே தெரியாமல் எழுந்து போய் வெந்நீர் கொதிக்கவைக்கிற ஒருத்தியிடம் குழந்தையை எப்படி விடுவது? அவன் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. அவளே தன்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மீன் போனால் போகட்டும். மொட்டை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

காலையில் அவன் பேச்சை எடுத்தான்.

"லிஃப்ட் எங்கயோ இடிக்குது, எதனாலன்னு தெரியலன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஒரு பாகத்தைக் கழட்டி வச்சுட்டு ஓட்டிப் பாப்போம். சத்தம் நின்னா அதுதான் கோளாறு."

"நான் பாகமா?"

"மூணே நாள். உன் தோழி வீட்டுக்குப் போ. நான் லீவு போட்டுட்டு இங்கயே இருக்கேன்."

"மொட்டைத் தூக்கிட்டுப் போறேன்."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஒரே நேரத்துல ரெண்டு பாகத்தைக் கழட்டக்கூடாது. அப்புறம் எது கோளாறுன்னே தெரியாது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் பிசகு. தான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. மொட்டு புட்டிப்பால் குடிக்கும், அவன் நல்ல தகப்பன், மூன்று நாள்தானே. அவள் மீன் டாக்டருக்கு போன் செய்து இன்னொரு வாளி பழுப்புக் கல் வரவழைத்தாள். பையில் இரண்டு உடை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தால் போகமாட்டோம் என்று தெரிந்ததால் திரும்பாமல் போனாள்.

தோழி வீட்டில் அவளுக்குக் கை மரத்துப்போனது. தூங்கும்போது வைத்துக்கொள்ள வயிறு இல்லாத கை. நாளுக்கு நான்கு முறை போன் செய்தாள்.

"மீன்?" என்பாள்.

"ஒண்ணும் சாகல."

"கல்லு?"

"அப்படியேதான் இருக்கு."

ஒவ்வொரு பதிலும் அவளுக்கு எதிரான சாட்சி. மூன்றாம் நாள் அவன் குரலில் ஒரு மென்மை வந்துவிட்டது. அதைக் கேட்டதுமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

நான்காம் நாள் காலை வீட்டுக்கு வந்தாள். அவன் முதலில் பின்னறைக்கு அழைத்துப்போனான். மீன்கள் தண்ணீருக்குள் அமைதியாகத் திரிந்தன. அவள் சரளையைத் தொட்டாள். வழவழப்பு. மீன் டாக்டர் சொன்ன மண் வாசனைகூட லேசாக வரத் தொடங்கியிருந்தது.

"மூணு மதியமும் இங்கயேதான் உக்காந்திருந்தேன்," என்றான், தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காட்டி. "கண்ணை எடுக்கல. ஒரு ஈ காக்கா வரல."

"மொட்டு?"

"உள்ள தூங்குனா. சமத்து. ரெண்டரைக்குப் படுக்க வச்சா நாலு மணிக்குத்தான் முழிப்பு. ஒரு நாளும் அழல." பிறகு தொண்டையைச் செருமினான். "நான் ஆஸ்பத்திரி டாக்டர் கிட்ட பேசிட்டேன். உனக்கு ஓய்வு வேணுமாம். என் சித்தி பொண்ணு வரேன்னு சொல்லியிருக்கா, கொஞ்ச நாளைக்கு மொட்டை அவ பாத்துக்கட்டும். உன்ன யாரும் தப்பா நினைக்கல..."

அவள் காதில் அதற்கு மேல் விழவில்லை. மூன்று மதியமும் இவன் இங்கே தொட்டிக்குக் காவல். அங்கே குழந்தையின் வயிற்றின் மேல் யார் கையும் இல்லை.

அறைக்கு ஓடினாள். மொட்டு தொட்டிலில் விழித்துக் கிடந்தது. வாரி எடுத்து உச்சந்தலையில் மூக்கை வைத்தாள்.

வாசனை இல்லை.

பாலின் புளிப்பு இல்லை, வியர்வை இல்லை, குழந்தை வாசனையே இல்லை. ஆவியில் வெந்த பருத்தி மட்டும்.

சட்டையைக் கழற்றினாள். ஐந்து மாதக் குழந்தையின் கழுத்து மடிப்பில் என்னதான் துடைத்தாலும் கொஞ்சம் பால் பிசுக்கு இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. காது மடலின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, எல்லா இடத்திலும் தோல் ஒரே சிவப்பாக, பளபளப்பாக, தொட்டால் உரியும்போல் மெல்லிசாகியிருந்தது.

"குழந்தையை யார் குளிப்பாட்டுனது?"

"யாரும் குளிப்பாட்டல. எனக்குப் பயம், கை வழுக்கிடும்னு. நீ வந்ததும் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஈரத்துணியால மூஞ்சி மட்டும் துடைச்சேன்."

"நகம் யார் வெட்டுனது?"

"நகமா?"

அவள் மொட்டின் விரல்களை விரித்துக் காட்டினாள். பத்து நகமும் சதையை ஒட்டி, ஓரம் சதுரமாக வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு மூலையிலும் குண்டூசி முனையளவு ரத்தம் காய்ந்திருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். முகம் வெளிறிச் சாம்பல் நிறமானது. பிறகு தன் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டான், திட்டு வாங்கப்போகிற பள்ளிக்கூடப் பையன் போல.

"அக்கா இப்படித்தான் வெட்டும்," என்றான். "ஞாயித்துக்கிழமை தோறும். அழுதா மறுபடி முதல் விரல்லேர்ந்து ஆரம்பிக்கும். அதனால நான் அழமாட்டேன்."

அழாத குழந்தையை இருவரும் பார்த்தார்கள்.

"உன்னைச் சந்தேகப்பட்டேனே," என்றான், குரல் உடைந்து. "இங்க நிக்காத. தூக்கிட்டுக் கிளம்பு. துணி எதுவும் எடுக்காத. நான் பூட்டிட்டுப் பின்னாலயே வரேன்."

பத்து நிமிடத்தில் டாக்ஸி வந்தது. நல்ல வெயில், தெருவில் ஆள் நடமாட்டம், யாரோ யாரையோ உரக்கக் கூப்பிடும் குரல். பின்சீட்டில் குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். இரண்டு திருப்பம் தாண்டியதும்தான் மூச்சே வந்தது. தான் பைத்தியம் இல்லை. மொட்டு தன் மடியில் இருக்கிறது. அவனும் நம்பிவிட்டான். மூன்று நாளாக அடைத்துவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, குனிந்து அழுதுகொண்டே மொட்டின் பிஞ்சுக் காலைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

காலின் சுண்டுவிரல் தனியாக விலகியது.

யாரோ இரண்டு விரலால் பிடித்து விரித்ததுபோல் விலகி, சற்று நின்று, திரும்பச் சேர்ந்தது. பிறகு அடுத்த விரல் விலகியது. அதற்குப் பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொரு இடுக்கிலும், துணியால் அழுத்தித் தேய்ப்பதுபோல், அந்தப் பிஞ்சுத் தோல் முன்னும் பின்னுமாக இழுபட்டுச் சிவந்தது. அவள் தன் உள்ளங்கையால் அந்தக் காலை இறுக மூடினாள்.

மற்றக் காலின் சுண்டுவிரல் விலகியது.

"பாப்பாவுக்கு என்னம்மா அவ்வளவு சிரிப்பு?" என்று முன்னாலிருந்து டிரைவர் கேட்டார்.

மொட்டு அழவில்லை. கூச்சத்தில் கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.